ஒன்பது இடங்களில் பொருத்தம்

மார்ச் 4, திங்கள்

எங்கள் துணை இயக்குநர் சத்தியசீலனின் படம் இன்று மூன்று பேப்பர்களில் வந்திருக்கிறது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறார். டிஎன்ஏ வேலைக்கும் நுண்ணோக்கிக்கும் சம்பந்தமில்லை என்று போட்டோ எடுத்தவருக்குத் தெரியாது. சத்தியசீலனுக்கும் மறந்திருக்கும்.

செங்கமடைப் பட்டாசு ஆலையில் ஒரே அறையில் கருகிப்போன ஏழு பெண்களில் ஆறு பேரை எங்கள் ஆய்வகம் பத்து நாளில் அடையாளம் கண்டிருக்கிறது. ‘நவீன அறிவியலின் வெற்றி’ என்று துணை இயக்குநர் சொன்னாராம். ஆறு அறிக்கைகளிலும் கையெழுத்து என்னுடையது. எலும்பை அறுத்தது நான், பொடித்தது நான், கணக்குப் போட்டது நான். என்னைவிட இரண்டு வருடம் ஜூனியரான அவர் செய்தது, கூட்டத்தில் “பத்து நாளைக்குள் முடியுமா?” என்று கேட்டது மட்டும்தான். முடியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

செண்பகம் பேப்பரைப் பார்த்துவிட்டு, படம் நன்றாக வந்திருக்கிறது என்றாள். கிண்டலா என்று தெரியவில்லை. என் மனைவியின் முகத்தில் எதையும் படிக்க முடியாமல் பல வருடங்கள் ஆகின்றன.

ஏழாம் எண் பையில் இருந்த எலும்பு மட்டும் எதுவும் தரவில்லை. அதிகம் வெந்துவிட்டது. மீதி இருக்கும் பெயர் சீனியம்மாள், வயது நாற்பத்து மூன்று, ஒன்றுதான். கழித்துப் பார்த்தாலே தெரிகிறதே, கொடுத்துவிடலாம் என்கிறார் சத்தியசீலன். கழித்தல் கணக்குக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை என்றேன்.

மோட்டார் ரிப்பேர்காரர் இன்றும் வரவில்லை.

மார்ச் 6, புதன்

சீனியம்மாளின் இளைய மகள் வந்தாள். பெயர் காளீஸ்வரி, இருபது இருபத்தொன்று இருக்கும். செங்கமடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ஆறாம் எண் அறிக்கையில் நான் அடையாளம் சொன்ன மாரிக்கனி இவளுடைய அக்காவாம். தாயும் மகளும் ஒரே அறையில் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது இன்றுதான் தெரியும். என் மேஜைக்கு வருவது எண்ணும் பையும்தான்.

அக்காவைப் போன வாரமே வாங்கிப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மாவுக்கும் முடித்தால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கருமாதி வைக்க முடியும், மாமா அதற்காக லாரி வேலைக்குப் போகாமல் காத்திருக்கிறார், அக்கா பையனுக்கு மூன்று வயது, அவன் ராத்திரியெல்லாம் அழுகிறான் என்றெல்லாம் சொன்னாள். சோதனை முடியாமல் தர முடியாது என்றேன்.

“ஏழு பேர்ல ஆறு பேரு போயாச்சு. மிச்சம் இருக்கிறது எங்கம்மா இல்லாம வேற யாரு சார்? ஒண்ணாப்பு பிள்ள கூடச் சொல்லும்.”

அது அறிவியல் இல்லை என்றேன்.

“உங்கம்மாவா இருந்தா இந்நேரம் தந்திருப்பீங்க.”

அவளுடைய ரத்தத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8, வெள்ளி

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன். ஏழாம் எண் ஊறுகிறது.

மார்ச் 11, திங்கள்

எலும்பு ஒரு பூட்டு. சுண்ணாம்பு அதன் இரும்பு. சாதாரணமாக ஒரு நாள் மட்டும் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, வந்தவரை லாபம் என்று எடுத்துக்கொள்வோம். ஏழாம் எண்ணின் தொடை எலும்பில் தீ அதிகம் படாத ஒரு துண்டை, சதை தடித்திருக்கும் பக்கமாக அறுத்தெடுத்தேன். பொடித்து, கரைசலை நாளுக்கு ஒருமுறை மாற்றி, ஐந்து நாளாக ஊறவைக்கிறேன். துண்டு துண்டாக உடைந்த மரபணுவையும் படிக்கும் புதிய வேதிப்பொருள் வந்திருக்கிறது. அதைக் கேட்டு மூன்று முறை எழுதி, நான்காம் முறை வாங்கினேன். முதலில் கேட்டபோதே தந்திருந்தால் மற்ற ஆறுக்கும் அதையே பயன்படுத்தியிருப்பேன்.

சத்தியசீலன் அறை வாசலில் நின்று, ஊறுகாய் எப்போது தயாராகும் என்று கேட்டார். உதவியாளர் ஜெபராணி சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

காளீஸ்வரி இன்று இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. சொல்ல எதுவும் இல்லை.

மார்ச் 14, வியாழன்

பழைய அலமாரியைத் துடைக்கும்போது ஜெபராணி கையில் என் பதிவேடு அகப்பட்டிருக்கிறது. பதினான்கு வருடத் தூசி. என்ன சார் இது என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் கணிப்பொறியில் இருக்கும் கணக்கு எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்டது. கணவனும் மனைவியும் ரத்த சம்பந்தமில்லாதவர்கள் என்பது அதன் அடிப்படை. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படி இல்லை. தாய்மாமனைக் கட்டியிருப்பார்கள், அத்தை மகனைக் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட அறுபத்திரண்டு குடும்பங்களில் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தேன். இந்தக் கணக்கு எங்கெல்லாம் சறுக்கும் என்று நாற்பது பக்கம் எழுதினேன். ரத்தம் எடுக்கும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: இறந்தவர் பட்டியலில் உள்ள மற்றவர்கள் உங்களுக்கு என்ன முறை, வீட்டில் சொந்தத்தில் மணந்தவர்கள் உண்டா?

அன்றைய கூட்டத்தில் சத்தியசீலன் கேட்டது ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “ஊர்ல எல்லாரும் உங்களை மாதிரியே அக்கா மகளைக் கட்டியிருப்பாங்கன்னு நினைச்சீங்களா அருணகிரி?” மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ‘தேவையில்லை’ என்று கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. லாமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

முதல் குடும்பத்துக்கு மட்டும் ஊர்ப் பெயர் இல்லையே, தகப்பன், தாய், பிள்ளை, பாட்டி என்று மட்டும் இருக்கிறதே என்று கேட்டாள் ஜெபராணி. பழசு, விடு என்றேன். பிள்ளை, ஆண், வயது ஐந்து என்று வாசித்துவிட்டு, பதிவேட்டை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு மாலை வரை என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். எரிச்சலாக இருந்தது.

மார்ச் 18, திங்கள்

ஏழாம் எண் பேசிவிட்டது. மரபணுவில் நாங்கள் பார்க்கும் இருபத்து மூன்று இடங்களில் இருபத்தொன்று தெளிவாக வந்திருக்கின்றன. இப்படி வெந்த எலும்பிலிருந்து இவ்வளவு எடுத்ததாக இந்த ஆய்வகத்தில் பதிவு இல்லை.

காளீஸ்வரியோடு ஒப்பிட்டேன்.

பொருந்தவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

குழாய் மாறியிருக்கலாம் என்று முதலிலிருந்து செய்தேன். மாறவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒன்று வந்திருக்க வேண்டும். ஏழாம் எண்ணுக்கும் காளீஸ்வரிக்கும் நான்கு இடங்களில் பொதுவாக எதுவுமே இல்லை. எனவே தாய் இல்லை. மற்ற இடங்களில் இருக்கும் ஒற்றுமையோ அந்நியருக்கு வராது. அக்கா தங்கைக்கு வரும்.

முன்பு ஆறாம் எண்ணோடு ஒப்பிட்ட மாரிக்கனியின் மகனுடைய முடிவை எடுத்து ஏழாம் எண்ணின் பக்கத்தில் வைத்தேன். இருபத்தொன்றிலும் பொருந்துகிறது. அந்தப் பிள்ளையின் தாய் ஏழாம் எண்.

அப்படியென்றால் நான் கையெழுத்துப் போட்டு, மாரிக்கனி என்று அனுப்பி, அவர்கள் அடக்கம் செய்தது யாரை?

ஆறாம் எண்ணில் எனக்குக் கிடைத்தது ஒன்பது இடங்கள்தான். ஒன்பதிலும் பிள்ளைக்குப் பொருந்தியது. பையில் ஒரு மெட்டியும் இருந்தது. பக்கத்தில் கிடந்ததை யாரோ சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். தகப்பன் லாரியில் குஜராத் போயிருந்ததால் அவனுடைய ரத்தம் வரவில்லை. காத்திருந்திருக்கலாம். பத்து நாள் என்று சொல்லியிருந்தேன்.

காளீஸ்வரிக்குப் போன் செய்து, மாரிக்கனியின் கணவன் கருப்பசாமி அவள் அம்மாவுக்கு என்ன முறை என்று கேட்டேன்.

“எங்கம்மா கூடப் பெறந்த தம்பி சார். அக்காவ அவருக்குத்தான் கட்டிக்குடுத்தோம். எதுக்குக் கேக்கீங்க?”

சும்மா, பதிவுக்கு என்றேன்.

அந்தப் பிள்ளைக்குச் சீனியம்மாள் தாயைப் பெற்றவள். தகப்பனோடு பிறந்த அத்தையும் அவள்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் அவளுடைய ரத்தம் அவனுக்குள் போயிருக்கிறது. ஒன்பது இடங்களை மட்டும் பார்க்கிறவனுக்கு அவள் தாயாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரிவாள்?

இது நடக்குமா என்று உறுதி செய்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் இருந்தது. பதிவேட்டின் முதல் குடும்பத்தை எடுத்தேன். அதே முறை, அதே அமைப்பு. அதே ஒன்பது இடங்களில் மட்டும் பிள்ளையையும் பாட்டியையும் ஒப்பிட்டேன். ஒன்பதிலும் பொருந்தியது. என் அக்காவை அந்தப் பிள்ளையின் தாய் என்று கணிப்பொறி சொல்கிறது, தவற லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்ற உறுதியோடு.

நாற்பது பக்கம் எழுதியவன் நான். கட்டம் இல்லையென்றால் வாயால் கேட்டிருக்கலாம். ஒரு போன், ஒரு கேள்வி.

மார்ச் 20, புதன்

லீவு போட்டேன். மோட்டார் ரிப்பேர்காரர் வந்தார். தண்ணீர் ஏறுகிறது.

காலையில் காய் நறுக்கும்போது செண்பகத்திடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன், முதல் குடும்பத்தை எடுத்துப் பார்த்ததையும். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அவன் ரத்தம் இன்னும் அங்கேயேவா இருக்கு மாமா?”

ஒரு அட்டையில் காய்ந்த பொட்டாக இருக்கிறது என்றேன். என்ன நிறம் என்று கேட்டாள். பழுப்பு என்றேன். அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். பாதி வெண்டைக்காய் முடிந்தபோது, அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லுங்கள், போனில் சொல்லாதீர்கள் என்றாள். நம் பையன் போனதை நமக்கு அந்த டாக்டர் போனில்தானே சொன்னார் என்றாள்.

மார்ச் 21, வியாழன்

சத்தியசீலனிடம் முடிவுகளை வைத்தேன். அவர் முட்டாள் இல்லை. இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். எழுந்து கதவைச் சாத்தினார்.

“ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒரே மயானம், பக்கத்துப் பக்கத்துக் குழி. இதையும் கொடுத்துட்டா அம்மாவும் மகளும் ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?”

பெயர் மாறியிருக்கிறதே என்றேன்.

“பெயர் உங்க அறிக்கையில மாறியிருக்கு அருணகிரி. மத்த அஞ்சு அறிக்கையையும் நாளைக்கு வக்கீல் தூக்கிட்டு வருவான். ஆலை முதலாளி மேல கேஸ் நடக்குது. ஆய்வகமே பொய்னு நிற்பான். யோசிங்க.”

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வரும்போது தோளைத் தொட்டு, உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நான்கு வருடம்தானே என்றார். அக்கறையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பதினான்கு வருடத்தில் முதல்முறை.

மார்ச் 22, வெள்ளி

மற்ற ஐந்தையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். அந்தக் குடும்பங்களுக்குள் யாருக்கும் யாரும் உறவில்லை, போன் செய்து கேட்டேன். ஐந்தும் சரி. கருப்பசாமியின் ரத்தத்தைச் செங்கமடை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். செண்பகம் கோயிலுக்குப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து திருத்த அறிக்கை எழுதினேன்.

முதல் வரைவு மிக நன்றாக வந்தது. என் நாற்பது பக்கம், நான் கேட்ட கட்டம், ‘தேவையில்லை’ என்ற குறிப்பு, தேதி, கையெழுத்து எல்லாம் இணைப்பாக. படிக்கிறவன் சத்தியசீலனைத்தான் தேடிப் போவான். அதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. இதற்காகத்தான் பதினான்கு வருடம் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று தோன்றியது. இரண்டு முறை வாசித்தேன். சந்தோஷமாகவே இருந்தது.

மூன்றாம் முறை, காளீஸ்வரி வாசித்தால் எப்படி இருக்கும் என்று வாசித்தேன். நான்கு பக்கத்தில் அவள் அம்மாவின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில்.

புதிதாக எழுதினேன். ஒரு பக்கம். படிவத்தில் கட்டம் சேர்க்க வேண்டும் என்று தனிக் கடிதம் எழுதினேன். அதில் யாருடைய பெயரும் இல்லை.

சாப்பிடும்போது செண்பகம் விபூதியை நெற்றியில் வைத்துவிட்டாள். அவள் அப்படிச் செய்து வெகு நாளாகிறது. தடுக்கவில்லை.

மார்ச் 27, புதன்

கருப்பசாமியின் முடிவு நேற்று வந்தது. மிச்சமிருந்த பொடியைப் புதிய முறையில் பார்த்ததில், ஆறாம் எண் அவனுடைய உடன்பிறப்பு. இனிச் சந்தேகமில்லை. அறிக்கையைத் தலைமையகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் காலையிலேயே அனுப்பிவிட்டேன். சத்தியசீலனுக்கு நகல் வைத்தேன். அவர் இன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பதினொரு மணிக்குக் காளீஸ்வரியும் கருப்பசாமியும் வந்தார்கள். அவனை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, கையில் லாரிக்காரர்களுக்கே உரிய காப்பு. என் அறையில் உட்காரவைத்து, ஜெபராணியைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். நான் தப்பு செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். நீங்கள் அடக்கம் செய்தது சீனியம்மாளை, மாரிக்கனி இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்றேன். ஏன் அப்படி ஆனது என்பதையும் சொன்னேன், எண்கள் இல்லாமல்.

அவர்கள் சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருக்கலாம்.

“பெறந்த வீட்டுக் கோடி நான் போடலயே சார்” என்றான் கருப்பசாமி.

எனக்கு உடனே புரியவில்லை. காளீஸ்வரிதான் சொன்னாள். இறந்த பெண்ணுக்குக் கடைசிப் புடவை அவள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். சீனியம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்தத் தம்பி ஒருவன்தான். பெண்டாட்டிக்கு என்று நினைத்ததால் அவன் புருஷனாக நின்றுவிட்டான். கோடியைக் காளீஸ்வரிதான் போட்டிருக்கிறாள், அக்காவுக்கு என்று நினைத்து.

“என்னையத் தூக்கி வளத்தது அவதான். கோடி இல்லாம அனுப்பிட்டேன்.”

குழியைத் தோண்ட வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், சட்டப்படி தேவையில்லை என்றேன். அப்படியானால் ஒரு புடவை எடுத்துப்போய் மேலே விரித்துவிடலாமா என்று கேட்டான். அதைச் சொல்ல நான் யார். செய்யுங்கள் என்றேன்.

அப்போதுதான் காளீஸ்வரிக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். அவனுடைய கையைப் பிடித்தாள்.

“மாமா, அன்னைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, மல்லிகைப் பூ சுத்தித்தான பொதச்சோம்?”

அவன் தலையாட்டினான்.

“அப்பா போயி பதினோரு வருசமா அம்மா பூ வைக்கல சார். கல்யாண வீட்டுல யாராச்சும் தட்ட நீட்டுனாக்கூட அந்தப் பக்கமா போயிரும். ஆசைதான் அதுக்கு. ஊரே நின்னு பூ வச்சு அனுப்பியிருக்கு.” அவன் பக்கம் திரும்பினாள். “அது அப்படியே இருக்கட்டும் மாமா.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். முகத்தில் இருந்தது அழுகை மட்டும்தான் என்று என்னால் எழுத முடியாது. ஜெபராணி தண்ணீர் டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஏழாம் எண் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கருப்பசாமி அதை மேஜையில் வைக்க விடவில்லை, வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். முப்பத்து மூன்று நாள் எங்கள் குளிர் அறையில் இருந்திருக்கிறாள். ஜில்லென்று இருக்கு என்றான், யாரிடமும் இல்லாமல்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள் காளீஸ்வரி. திருத்த அறிக்கையை வாசித்தேன். முதல் வரியில் சீனியம்மாள், இரண்டாம் வரியில் மாரிக்கனி. கடைசி வரி: ‘முதல் அறிக்கையின் பிழைக்குக் கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலர் மட்டுமே பொறுப்பு.’

“அது யாரு சார்?”

நான்தான் என்றேன்.

அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று ஊசி ஏறும்போது பார்த்த மாதிரி இல்லை.

“எதுக்கு சார் அத எழுதுனீங்க? இங்க உங்களுக்கு ஆகாதவங்க இருப்பாங்கல்ல.”

இருக்கிறார்கள் என்றேன்.

“அப்ப அந்த வரிய அடிச்சுருங்க. எங்களுக்கு அம்மா பேரும் அக்கா பேரும் சரியா இருந்தாப் போதும்.”

கருப்பசாமியும் தலையாட்டினான். பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். வாங்கி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வரியை அடிக்கவில்லை.